மொய் நோட்டும் டாப் சர்ஜரியும்: ஒரு திருநம்பிக்கு காசு சேர்த்த விதம்

இது 2023ல நடந்தது, ஒரு திருநம்பியோட (பொண்ணுன்னு பதிவாகி ஆணா வாழுறவர்) டாப் சர்ஜரிக்கு, அதாவது மார்பை எடுத்து நெஞ்சை தட்டையாக்குற ஆபரேஷனுக்கு, காசு சேர்த்த கதை. சம்பந்தப்பட்டவர்கிட்ட முழுசா படிச்சு காட்டி, எதை எழுதலாம் எதை விடணும்னு அவரே சொன்ன பிறகுதான் எழுதுறேன், அதனால யார் பேரும் இல்ல, ஆஸ்பத்திரி பேரும் இல்ல, அடையாளம் தெரியுற ஒண்ணு ரெண்டு விஷயத்தை மாத்தியும் வச்சிருக்கேன். எங்க சின்ன குரூப்ல அடிக்கடி யாராவது ஒருத்தர் "சர்ஜரிக்கு எப்டி காசு சேக்குறது"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து சொல்றதுக்கு பதிலா இந்த ஒரு கேஸை முழுசா எழுதி வச்சிட்டா படிச்சுக்கலாம்னு தோணுச்சு.

பின்னணி

இவருக்கு அப்போ 26 வயசு. பேராவூரணி பக்கம் ஒரு கிராமம், டிப்ளமோ முடிச்சிட்டு திருப்பூர் வந்தவர், ஒரு பனியன் கம்பெனில குவாலிட்டி செக்கிங், மாசம் 17,000 சம்பளம். ஹார்மோன் ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, குரல் மாறிடுச்சு, மீசை அரும்பிடுச்சு, பஸ்ல "அண்ணே கொஞ்சம் தள்ளுங்க"ன்னு சொல்ற அளவுக்கு வெளிய பிரச்சனை இல்ல. கம்பெனி ரெஜிஸ்டர்ல, ஆதார்ல, பேங்க்ல மட்டும் பழைய பேரு. வீட்டுல அப்பாவோட பேச்சு நின்னு ரொம்ப நாளாச்சு, தங்கச்சி மட்டும் திருட்டுத்தனமா போன் பண்ணுவா, வீட்டுல அவரை அண்ணான்னு கூப்பிடுற ஒரே ஆளு அவதான்.

ஒரு ரூம்ல ரெண்டு பேரு. கூட இருக்குறவர் அதே கம்பெனில பேக்கிங் செக்‌ஷன். இந்த கேஸ்ல பாதி வேலை பாத்தது அந்த ரூம்மேட்தான், நாங்க எல்லாம் பக்கத்துல நின்னவங்க.

என்ன கவனிச்சோம்

அவசரம் எங்க இருந்து வந்துச்சுன்னா பைண்டர்ல இருந்து, அதாவது மார்பை அழுத்தி தட்டையா காட்ட உள்ள போடுற இறுக்கமான துணி. திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட்னா பன்னெண்டு மணி நேரம், ஷீட் போட்ட செட், ஏப்ரல் மே வெயில், உள்ள பைண்டர், அதுக்கு மேல பனியன், அதுக்கு மேல சட்டை. பைண்டரை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்றோம், ஆனா வேலை செய்ற மனுஷன் நடு ஷிப்ட்ல அதை எங்க போய் கழட்டுவாரு? மார்புக்கு கீழ தோல் முழுக்க படை, சொறிஞ்சு புண்ணாகி, நைட்டு விலா எலும்பு வலின்னு குப்புற படுக்க முடியாம உக்காந்தே தூங்கிருக்காரு. பைண்டர் துவைச்சு காயாத நாள்ல கிரேப் பேண்டேஜ் சுத்திட்டு போயிருக்காரு, அது இன்னும் மோசம், மூச்சு விட விட இறுகும். இதை ரூம்மேட் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், இவர் வாயத் தொறக்கல.

அதனால "காசு சேர்ந்ததும் பாத்துக்கலாம்"ங்கிற பேச்சை விட்டுட்டு தேதிய மொதல்ல குறிச்சோம். ஆவணி முடியுறதுக்குள்ள சர்ஜரி.

அரசு ஆஸ்பத்திரியா பிரைவேட்டா

இந்த கேள்விய தாண்டிட்டு போகக் கூடாது. தமிழ்நாட்டுல 2008லயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்துச்சு, அரசு ஆஸ்பத்திரில ஆபரேஷன் இலவசம், சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரிலயும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிலயும் இதுக்குன்னே கிளினிக் இருக்கு. 2019ல வந்த திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமைப் பாதுகாப்பு சட்டமும் சிகிச்சை ஏற்பாடு பண்றது அரசாங்கத்தோட பொறுப்புன்னு சொல்லுது. 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் மருத்துவ காப்பீட்டுல திருநர்களுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் கவர்னு ஒப்பந்தமும் போட்டாங்க.

இவர் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு போய் பாத்தாரு. டாக்டர் நல்லா பேசினாங்க, அதை சொல்லியே ஆகணும். ஆனா தேதி உறுதியா சொல்ல முடியலன்னாங்க, அட்மிஷன் பெண்கள் வார்டுலதான் போட முடியும்னாங்க, அந்த 5 லட்சம் கவர் பத்தி கேட்டா கவுண்டர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல. மீசை வச்ச ஆளு பெண்கள் வார்டுல ஒரு வாரம் படுக்குறதுன்னா அவருக்கும் கஷ்டம், அங்க இருக்குற அம்மாக்களுக்கும் சங்கடம். வாரத்துல நாலு நாள் லீவு போட்டு அலையவும் முடியாது, லீவு போட்டா சம்பளம் போச்சு. இலவசம்னா செலவே இல்லன்னு அர்த்தம் இல்ல, போக்குவரத்தும் போன சம்பளமும் சேத்து பாத்தா அதுவும் ஒரு தொகை. ஆனாலும் வேலை கொஞ்சம் வளைஞ்சு குடுக்குற ஆளா இருந்தா, சென்னைலயோ மதுரைலயோ தங்க இடம் இருந்தா, மொதல்ல அரசு ஆஸ்பத்திரிய முயற்சி பண்ணுங்கன்னுதான் நான் இப்பவும் சொல்வேன்.

இவர் கேஸ்ல கொச்சில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரின்னு முடிவாச்சு. திருப்பூர்ல ஏறுனா நேரா எர்ணாகுளம் ரயில், அந்த சர்ஜன் திருநம்பிகளுக்கு நிறைய பண்ணிருக்காரு, எங்க குரூப்ல ரெண்டு பேரு அவர்கிட்ட பண்ணி நல்லா இருக்காங்க. கேரளால அரசாங்கமே இந்த சர்ஜரிக்கு காசு திருப்பி தருது, ஆனா அது அந்த ஊர்க்காரங்களுக்கு.

சர்ஜன் கேட்டது: சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருத்தர், ரெண்டு சர்டிபிகேட். 2022ல வந்த உலக வழிகாட்டுதல்ல ஒரு லெட்டரே போதும்னு இருக்கு, ஆனா இங்க பெரும்பாலும் ரெண்டு கேக்குறாங்க, வாதாடிட்டு நிக்க நேரமில்ல, எடுத்துட்டோம். அப்புறம் சிகரெட்டை நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும்னு கண்டிஷன். நிக்கோட்டின் ரத்தக் குழாயை சுருக்கிடும், மார்புக் காம்பை எடுத்து வேற இடத்துல வச்சு தைக்கிறப்ப அது ஒட்டாமலே போயிடலாம்னு சொன்னாரு. காசு சேக்குறதை விட இதுதான் கஷ்டமா இருந்துச்சுன்னு இவர் சொல்வாரு.

எவ்ளோ தேவை

ஆஸ்பத்திரி குடுத்த எஸ்டிமேட் 1,60,000. நிறைய பேரு இந்த ஒரு நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு காசு கேக்க கிளம்பிடுறாங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. நாங்க ஒரு பேப்பர்ல உக்காந்து எழுதினோம்: டெஸ்ட், எடுத்த சதையை லேப்புக்கு அனுப்புற செலவு எல்லாம் 9,000, சர்டிபிகேட்டுக்கு 6,000, ரெண்டு பேரு கொச்சில தங்கி சாப்பிட 14,000, கம்ப்ரெஷன் வெஸ்ட் (ஆபரேஷனுக்கு அப்புறம் நெஞ்சை இறுக்கிப் பிடிக்குற பனியன்) 5,000, போக வர 6,000, ஆறு வாரம் வேலைக்கு போகாததுக்கு சம்பளம் 25,000 சொச்சம். அதுக்கு மேல ஏதாவது ஆச்சுன்னா 15,000. மொத்தம் 2,40,000.

அந்த கடைசி 15,000த்தை வெட்டலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, எங்ககூட இருந்த ஒரு நர்ஸ் அக்கா ஒத்துக்கவே இல்ல. "டாப் சர்ஜரில உள்ள ரத்தம் கட்டுறது ஒண்ணும் அபூர்வம் இல்ல தம்பி, அதை செலவுலயே எழுதிக்கோங்க"ன்னாங்க.

இஎஸ்ஐ பத்தியும் பேசினோம். அவர் சம்பளத்துக்கு இஎஸ்ஐ உண்டு, உடம்பு சரியில்லாத லீவுக்கு 70 சதவீதம் சம்பளம் கிடைக்கும். ஆனா சர்டிபிகேட் கம்பெனி ஆபீஸ் வழியா போகும், என்ன ஆபரேஷன்னு அங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு வேணாம்னுட்டாரு. கிட்டத்தட்ட 17,000 ரூபாய அப்டியே விட்டாரு. அது அவரோட முடிவு, யாரும் வற்புறுத்தல.

எப்டி கேக்குறது

மொதல்ல எல்லாரும் சொன்னது ஆன்லைன்ல காசு திரட்டுற தளம். போட்டோ வேணும், கதை எழுதணும், டாக்டர் லெட்டர் போடணும், லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பணும். குழந்தைக்கு ஆபரேஷன்னா அது சரிதான். ஆனா இவர் போட்டோவோட அந்த பக்கம் நெட்ல கிடந்தா பேராவூரணில ஏதோ ஒரு பங்காளி வாட்ஸப் குரூப்ல போய் சேர எவ்ளோ நேரம் ஆகும்? சர்ஜரி முடிஞ்சும் அந்த பக்கம் இருக்கும், அடுத்த கம்பெனில வேலை கேட்டு போறப்ப யாராவது தேடினா வந்து நிக்கும். வேணாம்னு முடிவு பண்ணோம்.

ரெண்டாவது தடை இவரேதான். "பிச்சை எடுக்குற மாதிரி இருக்கு, நான் இப்டியே இருந்துக்குறேன்"ன்னு ரெண்டு வாரம் பேச்சே எடுக்க விடல. அப்போ ரூம்மேட் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாப்ள, உங்க ஊர்ல ஆடி ஆவணி வந்தா கறிச்சோறு போட்டு மொய் வாங்குறீங்களே, போர் போட, கடை வைக்க எல்லாத்துக்கும், அதை எவனாவது பிச்சைன்னு சொல்றானா?"

அந்தப் பக்கம் தெரியாதவங்களுக்கு சொல்லணும், பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி சுத்துவட்டாரத்துல மொய் விருந்துன்னா அது ஒரு முழு ஏற்பாடு. வர்றவன் வைக்கிற காசு நோட்டுல ஏறும், அவன் வீட்டு விருந்துக்கு நீ அதை திருப்பி வைக்கணும், மேல கொஞ்சம் சேத்து வச்சா அது புது மொய். யாரும் யாருக்கும் தானம் பண்றதில்ல. இவர் அப்பாவும் ஊரெல்லாம் மொய் வச்சவர்தான், வர வேண்டியதே லட்சக்கணக்குல இருக்கும், ஆனா அது வீட்டுக்கு வர்ற மொய், வீட்ட விட்டு வந்தவனுக்கு அதுல பங்கு இல்ல. அதை அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நாங்க யாரும் சிரிக்கல.

மறுநாளே நீள சைஸ் நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. பேரு, ஊரு, தொகை, கடைசில ஒரு கட்டம் "திருப்பினது". கேக்குற விதமும் அப்டியே மாறிடுச்சு: "ஒரு ஆபரேஷனுக்கு மொய் வாங்குறேன், உங்க வீட்டு விசேஷத்துக்கோ ஆஸ்பத்திரி செலவுக்கோ திருப்பி வைப்பேன்." யாருக்கு என்ன ஆபரேஷன்னு சொல்லணும், யாருக்கு வெறும் ஆபரேஷன்னு மட்டும் சொன்னா போதும்னு ஒரு லிஸ்ட்டை அவரே எழுதினாரு. டிப்ளமோ கிளாஸ்மேட்ஸ், பழைய கம்பெனி ஆளுங்க, எங்க குரூப், குரூப்போட நண்பர்கள், அவ்ளோதான், அதுக்கு வெளிய கேக்கல.

இதோட சேத்து ஒரு குலுக்கல் சீட்டு. பன்னெண்டு பேரு, ஆளுக்கு மாசம் 5,000, மொத சீட்டை குலுக்காம இவருக்கே குடுத்துட்டாங்க, 60,000 ஒரே தடவைல கைக்கு வந்துச்சு. வட்டி இல்ல. சம்பளக்காரங்க நடுவுல இதை விட சுலபமான வழி எனக்கு தெரியல.

காசு யார் அக்கவுண்ட்ல

இங்க ஒரு நாள் பெரிய சிக்கல் ஆச்சு. ஆர்வத்துல ஒரு பையன் இவரோட கியூஆர் கோடை இன்ஸ்டா ஸ்டோரில போட்டுட்டான், நல்ல எண்ணத்துலதான். ஸ்கேன் பண்ணா என்ன வரும்? பேங்க்ல இருக்குற பேரு வரும். 200 ரூபா அனுப்ப வந்த ஒவ்வொருத்தருக்கும் இவரோட பழைய பேரு முழுசா, இனிஷியலோட, ஸ்க்ரீன்ல. "இது யாரு, ஃபேக்கா"ன்னு ரெண்டு பேரு கேட்டாங்க, ஒருத்தன் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து கிண்டல் பண்ணி போட்டான். ஸ்டோரிய ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்தாச்சு, வந்த காசு 3,000 கூட இல்ல. இவர் அடுத்த நாள் வேலைக்கு போகல.

அதுக்கு அப்புறம் உக்காந்து எழுதுன விதி இது. 5,000மும் அதுக்கு மேலயும் தர்றவங்க நேரா ஆஸ்பத்திரி அக்கவுண்ட்டுக்கே அனுப்பணும், இவரோட எம்ஆர்டி நம்பரை (ஆஸ்பத்திரில நோயாளிக்கு குடுக்குற பதிவு நம்பர்) போட்டு. ஆஸ்பத்திரில அட்வான்ஸா ஏத்திக்கிட்டாங்க. நல்லவேளை திருநர் அடையாள அட்டை முன்னாடியே வாங்கி வச்சிருந்தாரு, அதுல புதுப் பேரு இருந்ததால ஆஸ்பத்திரி ரெஜிஸ்ட்ரேஷன் அந்தப் பேருலயே போட்டாங்க. சின்ன தொகை எல்லாம் ரூம்மேட் இதுக்குன்னே புதுசா ஆரம்பிச்ச ஒரு அக்கவுண்ட்ல. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை நோட்டையும் ஸ்டேட்மெண்டையும் பக்கத்துல வச்சு, காசு வாங்காத ஒரு மூணாவது ஆளு டிக் அடிப்பாரு.

அந்த அக்கவுண்ட்ல 50,000 தாண்டாம பாத்துக்கிட்டதுக்கு காரணம் இன்கம்டாக்ஸ். சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல அன்பளிப்பா வர்ற காசு 50,000த்தை தாண்டிட்டா, தாண்டுன பாகம் மட்டும் இல்ல, முழுத் தொகையும் வருமானமா கணக்காகும். இவங்க சம்பளத்துக்கு அப்பவும் வரி வந்திருக்காது, ஆனா ரூம்மேட் தலைல எதுக்கு அந்த விளக்கம் எல்லாம். மொய் கடனா அன்பளிப்பான்னு கேட்டதுக்கு ஆடிட்டர் சிரிச்சுட்டு நோட்டை பத்திரமா வச்சுக்கோங்கன்னாரு.

சிங்கப்பூர்ல இருக்குற ஒரு கிளாஸ்மேட் 20,000 அனுப்பினான், இந்திய பாஸ்போர்ட், இங்க இருக்குற அவனோட அக்கவுண்ட்ல இருந்தே ஆஸ்பத்திரிக்கு. வெளிநாட்டு குடியுரிமை இருக்குற ஒருத்தர் பெரிய தொகை தர்றேன்னாரு, வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல மாட்டுமோன்னு வேணாம்னு சொல்லிட்டோம். அதிகம் பயந்துட்டீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, இருக்கலாம்.

ஆகஸ்ட் கடைசில நிலைமை: அவர் சேமிப்பு 45,000, சீட்டு 60,000, மொய் 92,000, சிங்கப்பூர் 20,000, ஒரு சின்ன அமைப்பு ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுனது 25,000. மொத்தம் 2,42,000. அன்னைக்கே எல்லாருக்கும் "போதும், இனி அனுப்ப வேணாம்"னு மெசேஜ் போயிடுச்சு.

ஆஸ்பத்திரில

அட்மிஷன்ல "பைஸ்டாண்டர் யாரு"ன்னு கேட்டாங்க, அங்க கூட இருக்குற ஆளுக்கு அதான் பேரு. ரூம்மேட்னு சொன்னதும் ரத்த சொந்தம்தான் கையெழுத்து போடணும்னு கவுண்டர்ல ஒரு இழுபறி. சர்ஜன் டீம்ல இருந்து வந்து, மேஜரான ஆளு, அவர் சம்மதம் போதும், கூட இருக்குறவர் பைஸ்டாண்டரா கையெழுத்து போடட்டும்னு முடிச்சு வச்சாங்க.

சர்ஜரி காலைல நல்லா முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் ட்ரெயின் குழாய், சின்ன பல்பு மாதிரி இருக்குற டப்பால ரத்த நீர் சேரும், அதை அளந்து எழுதி வைக்கணும். ராத்திரி இடது பக்க டப்பா வேகமா நிறைய ஆரம்பிச்சுது, நீர் இல்ல, கெட்டியான சிவப்பு ரத்தம், அந்தப் பக்கம் கல்லு மாதிரி வீங்கிடுச்சு. ரூம்மேட் நர்ஸை கூப்பிட்டாரு, நடுராத்திரி மறுபடி தியேட்டர், கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து ஒழுகுன இடத்தை மூடினாங்க. கூடுதல் பில் 17,500.

அந்த நேரத்துல குரூப்ல ஒரே பதட்டம், "உடனே எல்லா பக்கமும் போடுவோம், பப்ளிக்கா கேப்போம்"னு நாலு பேரு டைப் பண்ணிட்டாங்க. ஒதுக்கி வச்ச 15,000 இருந்ததாலதான் அது நடக்கல. மிச்சம் 2,500 ரூம்மேட் போட்டுட்டு அப்புறமா வாங்கிக்கிட்டாரு.

ட்ரெயின் 24 மணி நேரத்துல 30 மில்லிக்கு கீழ வந்ததும் எடுத்தாங்க. திரும்பி வர்றப்ப ரயில் வேணாம்னு கார் வச்சாங்க, சீட் பெல்ட் நெஞ்சுல படாம நடுவுல ஒரு தலைகாணி, வாளையார் தாண்டுற வரைக்கும் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் டிரைவருக்கு திட்டு.

அதுக்கு அப்புறம்

ஆறு வாரம் கம்ப்ரெஷன் வெஸ்ட். மொத ஒண்ணு மெடிக்கல் வெஸ்ட்தான் போடணும்னு சர்ஜன் சொல்லிட்டாரு. ரெண்டாவதை, எல்லாம் கொஞ்சம் ஆறுன பிறகு, கம்பெனில ஒரு டைலர் அண்ணன் சாம்பிள் செக்‌ஷன்ல மிச்சமான பவர்நெட்ங்கிற இழுத்தா நீளுற வலைத் துணில தைச்சு குடுத்தாரு, முன்பக்கம் ஊக்கு பட்டை வச்சு, தையல் வெளிப்பக்கம் வர்ற மாதிரி, உறுத்தாம. நெஞ்சுல கட்டின்னு மட்டும்தான் அவருக்கு சொல்லிருந்தாங்க, அவர் அளவெடுத்துட்டு வேற ஒரு கேள்வியும் கேக்கல. தெரியும்னுதான் நான் நினைக்கிறேன்.

வலது காம்பு நல்லா ஒட்டுச்சு, ரத்தம் கட்டுன இடது பக்கம் ஓரத்துல கொஞ்சம் நிறம் போயிடுச்சு, அவர் அதை பெருசா எடுத்துக்கல. ஏழாவது வாரம் வேலைக்கு போனாரு, தலைக்கு மேல பண்டல் தூக்குற வேலைய மட்டும் ரெண்டு மாசம் ரூம்மேட் பாத்துக்கிட்டாரு.

மொத்த செலவு 2,44,500. பில்லை நம்பர் மறைச்சு போட்டோ எடுத்து, வரவு செலவு ஒரு பக்கம் எழுதி, மொய் வச்ச எல்லாருக்கும் அனுப்பினாரு. நோட்டுல "திருப்பினது" கட்டத்துல அந்த வருஷமே ரெண்டு என்ட்ரி ஏறிடுச்சு, ஒண்ணு ஒரு கிளாஸ்மேட் கல்யாணம், இன்னொண்ணு ஒருத்தரோட அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன், ரெண்டுலயும் புது மொய் 500 சேத்து வச்சிருக்காரு. திருப்பி வேணாம்னு சொன்னவங்களும் உண்டு, அவங்க பேரை அடிக்க மாட்டேங்கிறாரு.

அடுத்த கேஸ்ல மாத்துறது

பேப்பர் வேலைதான் மொதல்ல. அடையாள அட்டை, அரசிதழ்ல பேர் மாத்தம், ஆதார், பேங்க், இந்த வரிசைல முடிச்சிட்டு அப்புறம் காசு கேக்க ஆரம்பிக்கணும், மாசக்கணக்குல ஆகும்தான், ஆனா கியூஆர்ல பழைய பேரு வர்ற கொடுமை இருக்காது. நேரம் இல்லாதவங்க அடையாள அட்டையாவது வாங்கிட்டு ஆஸ்பத்திரி அக்கவுண்ட்டை மட்டும் வச்சு சமாளிக்கலாம், இவர் கேஸ்ல அது நடந்துச்சு.

எதிர்பாராத செலவுக்கு 15,000 பத்தாது, எஸ்டிமேட்ல 15 சதவீதம் வைக்கலாம். போஸ்ட் போடுற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான்னு ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிடணும், உதவி பண்ண வர்றவங்களோட ஆர்வத்துக்கும் ஒரு கயிறு வேணும். இஎஸ்ஐ விஷயத்துல, கம்பெனில நம்பிக்கையான ஒரு எச்ஆர் ஆளு இருந்தா முன்னாடியே தனியா பேசி பாக்கலாம், 17,000ங்கிறது சின்ன காசு இல்ல.

இவருக்கு இப்போ அரசிதழ்ல பேரு வந்துடுச்சு, பேங்க்லயும் மாறிடுச்சு, சர்ஜரி சர்டிபிகேட் வச்சு ஆண்னு மாத்தி தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல அப்ளை பண்ணிருக்காரு. டிப்ளமோ மார்க்‌ஷீட் மட்டும் இன்னும் பழைய பேருலதான் இருக்கு. கர்ப்பப்பை ஆபரேஷன் பத்தி கேட்டா, சீட்டுக் காசு கட்டி முடியட்டும், அதை அட்டைய காட்டி அரசு ஆஸ்பத்திரிலயே கேட்டு பாக்குறேன்னு சொல்லிருக்காரு.